மீட்டர் பொய் சொல்லாது, முழு உண்மையும் சொல்லாது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: சிந்தெடிக் ஆயிலை எப்போது மாற்றுவது? சில கடிதங்களில் கேள்வி இருக்கிறது, சிலவற்றில் சண்டையே இருக்கிறது. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிந்தெடிக் ஆயில் ஊற்றிய காருக்கு எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்? கதை வேண்டாம், ஒரே வரியில் சொல்லுங்கள்.
– தனியார் வாடகை கார் ஓட்டுநர், பூன் கெங்

பதில்: உங்கள் காரின் கையேட்டில் எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனை. ஒரு வரி முடிந்தது.

நீங்கள் கேட்காத இரண்டாவது வரியையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அது. சில கம்பெனிகள் 6 மாதம் என்று இறுக்கிப் பிடிக்கின்றன. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் 'லாங்லைஃப்' திட்டத்தில் 30,000 கி.மீ. வரைகூடப் போகிறார்கள். ஆனால் அதற்கென்று தனி ஆயில், தனிக் கணக்கு. உங்களுக்கு மாதக் கணக்கு தேவையே இல்லை. நாளுக்கு 200 கி.மீ. ஓட்டினால் 50 நாளில் 10,000 வந்துவிடும். ஒரு நல்ல செய்தி: நாள் முழுக்கச் சூடாகவே ஓடும் இஞ்சினில் ஆயில் அவ்வளவு சீக்கிரம் கெடாது. மாதத்தில் 6,000 ஓட்டும் உங்கள் கார், வாரத்தில் ஒருநாள் வெளியே வரும் பக்கத்து வீட்டுக்காரர் காரைவிட ஆரோக்கியமாக இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: கையேடு 10,000 என்கிறது. பட்டறைக்காரர் கண்ணாடி மூலையில் 5,000 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார். யாரை நம்புவது?
– ஜாலான் புசார் வாசகர்

பதில்: ஆயில் விற்பவரே அடுத்த தேதியையும் எழுதுகிறார் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

5,000 என்பது சாதாரண மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. அமெரிக்காவில் 3,000 மைல், அதாவது ஏறக்குறைய 4,800 கி.மீ. என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கடைசியில் கலிபோர்னியா மாநில அரசே, "கையேட்டைப் பாருங்கள், நல்ல ஆயிலை வீணாக்காதீர்கள்" என்று பிரசாரம் செய்ய வேண்டிவந்தது. ஆயிலும் மாறிவிட்டது, இஞ்சினும் மாறிவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை.

அதற்காக 5,000 சொல்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். "ஏன் 5,000?" என்று கேளுங்கள். "நீங்கள் ஓட்டும் விதம் அப்படி" என்று உங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுங்கள். "எல்லாரும் அப்படித்தான் சார்" என்றால் ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம்.

கேள்வி: கேம்பல் லேனில் பூக்கடை வைத்திருக்கிறோம். வேன் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. கோயில், கல்யாண மண்டபம், மறுபடி கடை. 8 மாதத்தில் 3,000 கி.மீ.கூட ஓடவில்லை. 10,000 வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை ஆயில் செலவு மிச்சம்தானே?
– பூக்கடைக்காரர்

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையதுதான். நீங்கள் கவலைப்படாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

உங்கள் வேன் ஒரு நாளில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிளைவ் தெருவில் எடுத்து, சிராங்கூன் ரோடு சிக்னலில் நின்று, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் மாலையை இறக்க நிறுத்துகிறீர்கள். சீனிவாசப் பெருமாள் கோயில்வரை போய்வந்தாலும் இரண்டு, மூன்று கி.மீ.க்கு மேல் இல்லை. இஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் சில நிமிடத்தில் சூடாகிவிடும். மீட்டரில் தெரியும் சூடு அந்தச் சூடுதான். ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அது முழுச் சூட்டை எட்டுவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

எரியாத பெட்ரோல் கொஞ்சமும், எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி கொஞ்சமும் எந்த இஞ்சினிலும் ஆயிலுக்குள் இறங்கும். தீவு விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓடும் காரில் அந்தச் சூட்டிலேயே அவை ஆவியாகி வெளியேறிவிடும். உங்கள் வேனில் வெளியேற நேரமில்லை. இன்று இறங்கியது தங்குகிறது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்கிறது. பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும். தண்ணீர் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தை அடக்குவதற்கென்றே ஆயிலில் கலந்திருக்கும் மருந்தும் தீர்ந்துகொண்டே வரும். சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்குவதில் கெட்டிக்காரன்தான். ஆனால் வெளியேறாத பெட்ரோலையும் தண்ணீரையும் அது மாயமாக்கிவிடாது. உங்களுக்கு மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், காலண்டர் போதும்: 6 மாதத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். 8 மாதம் ஆகிவிட்டது என்கிறீர்களே, இந்த வாரமே போங்கள். தீபாவளி ஒளியூட்டு நாள்களில் உங்கள் தெருவில் வண்டி நகராது, மீட்டரும் நகராது, இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணி நேரங்களை எந்த மீட்டரும் எழுதி வைப்பதில்லை.

முடிந்தால் வாரத்தில் ஒருநாள் வேனை விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். வேனுக்கும் நல்லது, கடைக்குள்ளேயே இருக்கும் உங்களுக்கும் நல்லது.

கேள்வி: மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– தேக்கா

பதில்: கறுப்பது அதன் வேலை. அழுக்கைத் தன்னில் கரைத்துப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். டீசல் லாரியில் முதல் நாளே கறுத்துவிடும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியது ஒரே இடத்தில்தான்: டிப்ஸ்டிக்கிலோ மூடியின் அடியிலோ தே தாரிக் நிறத்தில் பசைபோல் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய ஓட்டத்தால் மூடியில் மட்டும் படிந்ததாக இருக்கலாம், கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நிறத்தைவிட அளவைப் பாருங்கள்: சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுங்கள். பழைய ஆயிலைவிட, அளவு குறைந்த ஆயில் இஞ்சினைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

கேள்வி: புதுக் காருக்கு 0W-20 ஊற்றச் சொல்கிறார்கள். 'W' என்றால் குளிர்காலமாமே. சிங்கப்பூரில் குளிர்காலம் எங்கே இருக்கிறது?
– ரேஸ் கோர்ஸ் ரோடு

பதில்: நூலகத்தில் இருக்கிறது, ஏர்கானுக்கு நேர் கீழே. வெளியே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 19 டிகிரிதான்.

முன்னால் இருக்கும் எண், ஆயில் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் 20, இஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மைக்கு. இஞ்சினின் உள்சூட்டை தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. சப்போரோவானாலும் சிராங்கூன் ஆனாலும் சூடான இஞ்சினுக்குள் நிலவரம் ஏறக்குறைய ஒன்றுதான். "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியா 20W-50 ஊற்றுங்க" என்று பழைய மெக்கானிக் சொன்னால், அவருடைய பழைய காருக்கு அது சரி. 20-க்கு என்று இடைவெளி அளந்து செய்த இஞ்சினில் கெட்டி ஆயில் எல்லா மூலைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

கேள்வி: டப்பாவில் 'முழு சிந்தெடிக்' என்று போட்டிருந்தால் போதுமா?
– வாசகி, ஃபேரர் பார்க்

பதில்: போதாது அம்மா. 1970களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த சிந்தெடிக் ஆயில்கள் ரசாயன முறையில் மூலக்கூறுகளைக் கட்டிச் செய்தவை. பிறகு கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து ஏறத்தாழ அதே தரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று மொபில் கம்பெனி காஸ்ட்ரோல்மேல் புகார் கொடுத்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் தணிக்கைப் பிரிவு "சொல்லலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து முன்பக்க எழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

டப்பாவைத் திருப்புங்கள். ஏபிஐ எஸ்பி அல்லது அதற்கடுத்த எஸ்கியூ என்ற தரக் குறியீடு இருக்கிறதா? எஸ்பி 2020-இல் வந்தது, எஸ்கியூ 2025-இல். ஐரோப்பியக் கார் என்றால் அந்தக் கம்பெனியின் ஒப்புதல் எண் இருக்கிறதா? அது இருந்தால் வாங்குங்கள். விலை கூடியதுதான் உசத்தி என்று நினைப்பது பட்டுப்புடவைக் கடையோடு நிற்கட்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் இஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று தாத்தா அடித்துச் சொல்கிறார். கதை விடுகிறாரா?
– பேரன், கெர்பாவ் ரோடு

பதில்: தாத்தா சொன்னால் சரிதான். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான். அது பெட்ரோலில் சுலபமாகக் கரையாது, சூட்டிலும் வழுவழுப்பாக நிற்கும். இஞ்சின் அந்த ஆயிலை வெளியே துப்பும். அதைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தாத்தாவிடமே கேளுங்கள். நாளானால் பிசினாகப் படியும் என்பதால் சாதாரணக் கார்களுக்கு அது ஒத்துவரவில்லை.

கேள்வி: ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகிறேன். அண்ணன் காருக்கு வாங்கிய சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் மிச்சம். ஊற்றலாமா?
– கடற்பாலத்துக்காரர்

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. காரில் கிளட்ச் தனி, ஆயில் தனி. உங்கள் மோட்டார்சைக்கிளில் இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சப்படுத்த கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்குப் பொருள் உங்கள் கிளட்சையும் வழுக்கவிடும். முறுக்கினால் சத்தம் வரும், வண்டி நகராது. குடிநுழைவு வரிசையில் பின்னால் நிற்பவர் வாயில் என்ன வரும் என்று நான் எழுதமாட்டேன். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பானியர்கள் இதற்கென்றே வகுத்த தரம் அது.

எத்தனை நாளுக்கு? ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலை வைத்துக்கொண்டு மூன்று வேலை பார்க்கும் வண்டி உங்களுடையது. கையேட்டு எண்ணைத் தாண்டவே வேண்டாம். தினமும் கடற்பால நெரிசலில் ஊர்ந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். செலவு கொஞ்சம்தான்.

கேள்வி: ஜோகூர் பாருவில் ஆயில் மாற்றினால் பாதி விலை. மாற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று ஷோரூமில் மிரட்டுகிறார்கள்.
– ஈசூன்

பதில்: இங்குள்ள வெளிப் பட்டறைகளைப் பொறுத்தவரை அந்த மிரட்டலுக்குப் பல் பிடுங்கியாயிற்று. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, 2017-இல் கார் விற்பனையாளர்கள் "எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் வெளியே செய்த வேலையால்தான் பழுது என்று தெரிந்தால் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் ரசீது முக்கியம்: தேதி, மீட்டர் எண், ஆயிலின் தரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். எல்லை தாண்டிய சர்வீஸ் பற்றி உங்கள் உத்தரவாதத் தாள் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள்.

லாபக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள். முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் இங்கிருந்து கிளம்ப முடியாது. மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம். சீல் வைத்த டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் போக மிச்சம் இருந்தால் பராட்டாவும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: பத்து வருடத்தில் எப்படியும் ஸ்கிராப்புக்குப் போகிற காருக்கு எதற்கு விலை கூடிய ஆயில்?
– லிட்டில் இந்தியா வாசகர்

பதில்: யானை வாங்கியவர் அங்குசத்துக்கு அழலாமா? 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 150,001 வெள்ளி. ஆயில் செலவு அதில் எந்த மூலைக்கு?

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கிடைக்கும் கழிவு, கட்டிய வரியையும் காரின் வயதையும் பார்க்கும். இஞ்சின் தங்கமாக இருந்தாலும் ஒரு காசு கூடாது. ஆகவே ஸ்கிராப் தேதி முடிவாகி, சில மாதம்தான் பாக்கி என்றால் மிக உயர்ந்த ஆயில் தேவையில்லை, கையேட்டின் குறைந்தபட்சத் தரம் போதும். சிஓஇயை 5 அல்லது 10 வருடம் நீட்டிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் எட்டாவது வருடத்திலிருந்தே கஞ்சத்தனம் கூடாது.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?
– பொங்கோல்

பதில்: இஞ்சின் ஆயில் தொல்லை இல்லை. சிஓஇ தொல்லை அப்படியே இருக்கிறது.

கேள்வி: நானே வீட்டில் மாற்றிக்கொள்கிறேன். பழைய ஆயிலைச் சாக்கடையில் விட்டால் மழையில் போய்விடும்தானே?
– பெயர் போடாதவர்

பதில்: போகும். எங்கே போகும் என்றும் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவின் மழைநீர் ரோச்சோர் கால்வாயில் இறங்கி, மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008-இல் மரினா அணைக்கட்டைத் திறந்து உருவாக்கிய அந்த நீர்த்தேக்கம் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அதற்கு நீர் அனுப்புகிறது. பெயர் போடாமல் எழுதியது நல்லதாகப் போயிற்று, இது தண்டனைக்குரிய குற்றம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடமும் பட்டறை இல்லை. பழைய ஆயிலை, புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடி, பழகிய பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உரிமம் பெற்றவர்கள் அங்கே வந்து எடுத்துப்போவார்கள்.

அடுத்த முறை ஆயில் பற்றிக் கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காரின் பெயரோடு, ஒருமுறை கிளப்பினால் எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெயரும் நிறமும் மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கையேட்டைப் பாருங்கள் என்ற ஒரே வரிதான் பதிலாக வரும்.