கொழும்புக்குப் போன கேபிள், மாடிக்கு வரவில்லை

எங்கள் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த மவுண்ட் லவினியாவுக்கும் இடையே கடலுக்கடியில் ஒரு கண்ணாடியிழைக் கேபிள் கிடக்கிறது. பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது, 2006-ல் ஓட ஆரம்பித்தது, நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மக்ரூன் தட்டை நீட்டும்போதே இதையும் சொல்லிவிடுவேன். என் பையன் சும்மா இருக்க மாட்டான். "கொழும்பு வரைக்கும் போவுது சரிப்பா, மாடி ரூமுக்கு எப்ப வரும்?" என்று கேட்டு, வந்தவர் முன்னால் மானத்தை வாங்குவான்.

தெருவில் பாதிப் பேர் ஃபைபருக்கு மாறியாயிற்று. நான் இன்னும் டிவிக்கு வந்த அதே கறுப்பு வயரில்தான் இணையமும் வாங்குகிறேன். பழைய ஆளை விட்டுவிடக் கூடாது என்ற விசுவாசம்தான் காரணம் என்று வெளியே பேச்சு. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டது வீட்டுக்குள் இருக்கும் பேச்சு.

நெட் படுத்தால் காரணம் சொல்வது குடும்பத் தலைவன் பொறுப்பு. சின்னக் காரணங்களை நான் தொடுவதில்லை. 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுபட்ட செய்தி வந்தது எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே தகவல் எப்படிப் போகிறது, எங்கே அறுந்தால் எது தடைப்படும் என்று ஹாலில் நின்று விளக்கினேன். வீட்டம்மா உள்ளி உரிப்பதை நிறுத்தாமல், "செங்கடல்ல அறுந்தா எதுத்த வீட்டுல மட்டும் எப்படி ஓடுது?" என்றாள். உலக நடப்பு தெரியாதவர்களிடம் என்ன பேச்சு?

கேபிள்காரத் தம்பி போனில் ஒன்றுக்கும் ஆக மாட்டார். எது சொன்னாலும், "அண்ணாச்சி, அந்தச் சவத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். நேரில் வந்தால் ஆளே வேறு. வைஃபையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மோடத்தில் லேன் வயரைச் சொருகித் தன் லேப்டாப்பில் மாட்டினார். "வயர்ல வேகம் வந்தா வைஃபை கோளாறு. வயர்லயும் வரலன்னா லைன் கோளாறு. மொதல்ல அதப் பிரிக்கணும்லா?" மோடத்தை ஷோகேஸிலிருந்து பீரோ தலைக்கும், பீரோ தலையிலிருந்து ஜன்னலுக்கும் இடம் மாற்றி, வாஸ்து வரைக்கும் யோசித்து வைத்திருந்த எனக்கு இது ரொம்பச் சப்பென்று இருந்தது.

அப்புறம் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தார். மோடம் தன் ஜாதகத்தைத் தானே காட்டும் பக்கமாம். சிக்னல் பலம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 15-க்குக் கீழே போனால் மோடம் திணறும். எங்கள் வீட்டில் மைனஸ் 17.

"மைனஸுன்னா?" என்றாள் வீட்டம்மா.

"பத்தல மதினி."

"அது எங்களுக்கே தெரியுமே."

வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். ஹால் டிவிக்கு ஒரு ஸ்பிளிட்டர், அம்மா அறை டிவிக்கு இன்னொன்று. ஒவ்வொரு பிரிவிலும் சிக்னல் பாதியாகும். மிச்சம் மீதிதான் மோடத்துக்கு. மொட்டைமாடியில் ஒரு ஜாயிண்ட், டேப் சுற்றியது. தம்பி டேப்பை உரித்தார். நடுக்கம்பி பாசியாகப் பச்சை பிடித்திருந்தது. சுற்றியிருந்த வலைக்கம்பி விரலில் பொடியாக உதிர்ந்தது. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில். எங்கள் மொட்டைமாடியிலும் விளைச்சல் மோசமில்லை.

தம்பி இன்னொன்றும் சொன்னார். இப்படி வாய் பிளந்த ஜாயிண்ட் வழியாக வெளி இரைச்சல் லைனுக்குள் புகும். எல்லா வீட்டிலிருந்தும் மேலே போகும் சிக்னல் ஒரே பாதையில் சேர்வதால், ஒரு வீட்டு இரைச்சல் தெருவுக்கே தொல்லை. "இந்த லைன்ல இன்னும் நாலு வீட்டுல கம்ப்ளைண்ட் இருக்கு. இங்கருந்துதான் போயிருக்கும் போலருக்கு." நான் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி" என்றேன்.

புது வயர் இழுக்க மச்சினனைக் கூப்பிட்டோம். முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான், அக்கா தாலிக்காகவாவது விடாமல் பிடிப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. மச்சான்களுக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. செல்போன் அடித்ததும் என் மச்சினன் வயரை விட்டான். அது நேராகப் பக்கத்து வீட்டு வற்றல் பாயில் போய் விழுந்தது. சமாதானம் பேச நான்தான் போனேன்.

நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் அழுத்தி, மோடத்துக்குத் தனி லைன் கொடுத்ததும் வேகம் பிய்த்துக்கொண்டு வந்தது. மாடி ரூமிலும் வருகிறது. ஆனால் அந்தத் தனி லைனுக்காக அம்மா அறை ஸ்பிளிட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. அம்மா தலையணை, வெற்றிலைச் செல்லம் சகிதம் ஹாலுக்குக் குடிவந்துவிட்டார். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை சீரியல். அந்த நேரத்தில் ஹாலில் செங்கடலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.