பத்துக்குப் பதில் முப்பது

பழைய பிக்கப்பில் டெயில் லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? நம்மவர்களிடம் கைகண்ட வைத்தியம் உண்டு. சிவப்பு நிற 10 ஆம்பியரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பச்சை நிற 30 ஆம்பியரைச் சொருகுவது. பச்சை கிடைக்காவிட்டால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே போகாது, வயர்தான் போகும். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிறதே, அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குற்றம் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டியில் இருக்காது. சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகும் வயர், கிளிப் உடைந்து தொங்கி, இரும்பில் உரசி உரசித் தோலுரிந்து கிடக்கும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது செம்பு இரும்பைத் தொடும். மெக்கானிக் குனிந்து பார்க்கும்போது பரம சாதுவாக இருக்கும்.

ஃபியூஸ் இருந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மாட்டி, பார்க் லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயரை ஆட்டுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, கள்ளன் அந்தக் கிளையில். அங்கே டேப் சுற்றி, புது கிளிப் போட்டு, மறுபடி 10 ஆம்பியரையே மாட்டுங்கள்.