வலப்பக்கம் சுவர்

எங்கள் ஆயாவின் அடுப்பங்கரையில், கரண்டியை எங்கே வைப்பது என்று யாரும் திகைத்து நின்றதில்லை. செஞ்சி காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. பின்கட்டில் மண் அடுப்பு, அதை ஒட்டிக் கொடியடுப்பு. வலது கைப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, ஆயா தானே செம்மண் குழைத்துப் போட்ட ஒரு சின்ன மேடை. ஈரம் காயும் முன்னால் அதன் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பள்ளம் பண்ணியிருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு மடக்கு உட்கார்ந்திருக்கும். பானை மூடுகிற அதே மண் தட்டுதான், விளிம்பு மட்டும் கொஞ்சம் எழும்பியிருக்கும். குழம்பு கிளறிய கரண்டி, கீரை கடைந்த மத்து, கை துடைத்த கரித்துணி நீங்கலாக ஈரமும் பிசுக்குமான எல்லாம் அதில்தான் இறங்கும். கழுவிய அகப்பைகளுக்குச் சுவரில் தனி அகப்பைக்கூடு. ஈரக் கரண்டி ஒரு இடம், காய்ந்த கரண்டி ஒரு இடம். இரண்டும் ஒருநாளும் கலந்ததில்லை.

"கரண்டிய சட்டியிலேயே போட்டு வைக்காதடி, மடக்குல வையி." சின்ன வயதில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். கவுச்சி கிளறிய கரண்டி என்றால் மடக்கே வேறு. பாலுக்கு வேறு. புளிக்குழம்புக் கரண்டியைத் தெரியாமல் பாலில் விட்டால் பால் திரிந்துபோகும். புளிப்பு பட்டால் பாலிலுள்ள புரதம் கட்டி தட்டிவிடுகிறது என்ற காரணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆயாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. ஆனால் அதன் வீட்டில் பால் திரிந்து நான் பார்த்ததில்லை.

களி கிண்டுகிற நாளைத்தான் சொல்ல வேண்டும். கேழ்வரகு மாவு வெந்து இறுகும்போது ஆயா பானையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, களிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பிலிருந்து வளைந்து கிண்டும். கிண்டி முடித்த கோலில் கால் பங்கு களி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் அரை மணியில் கல்லாகிவிடும், பிறகு தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்தாலும் வராது. அதனால் மேடைக்குக் கீழே எப்போதும் ஒரு குண்டானில் தண்ணீர் இருக்கும். ஆயா கையை அதில் நனைத்து, கோலை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வழிக்கும். வழித்தது உருண்டையாகி, கருவாட்டுக் குழம்பில் ஒரு முறை புரண்டு என் வாய்க்கு வரும். பிறகு கோல் குண்டானுக்குள் நிற்கும். சமையல் முடிந்ததும் அந்தத் தண்ணீர் கொல்லையில் கழனித் தொட்டிக்குப் போய்விடும், அதை மாடு குடிக்கும். ஒரு சொட்டு வீணில்லை, தரையில் ஒரு திட்டு இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போகச் சொன்னால் நான் போகமாட்டேன். வேர்க்கடலைத் தோலும் சவுக்கு மிலாறும் எரித்த புகையில்தான் ஆயாவின் கண் போனது. மழைக்காலத்தில் ஊதுகுழலோடு அது பட்ட பாடு எனக்குத் தெரியும். 2007-ல் அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் தொடங்கியபோது, எங்கள் சந்தில் சிலிண்டர் வந்து இறங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணுடைய நுரையீரல் தப்பியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. வருத்தமெல்லாம், புகையோடு சேர்த்து அந்தச் சின்ன மேடையையும் வெளியே அனுப்பிவிட்டோமே என்பதுதான்.

அம்மாவின் காலத்தில் கடப்பைக் கல் மேடை வந்தது. கடப்பையில் புளிக்குழம்பு சிந்தினால் வெளுத்துத் திட்டாகும், அதனால் அம்மா கரண்டிக்குக் கீழே பழைய தினத்தாளை மடித்துப் போடுவாள். மையும் எண்ணெயும் கலந்து கரண்டியின் அடியில் ஒட்டும். பிறகு எவர்சில்வர் தட்டு வந்தது. நம் குழம்புக் கரண்டியின் குண்டு ஆழமானது, காம்பு நீளமானது. தட்டையான தட்டில் அது நிற்காமல் உருளும், காம்பு கனம் தாங்காமல் தட்டோடு சேர்ந்து கவிழும். மேற்கே மரக்கரண்டி தட்டையாக இருப்பதால் அங்கே ஒரு சின்னக் கிண்ணம் போதுமாயிருக்கிறது. அதைத்தான் இப்போது பீங்கானிலும் சிலிக்கோனிலும் 'ஸ்பூன் ரெஸ்ட்' என்று இணையத்தில் விற்கிறார்கள். ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கரண்டிக்கு ஒரு பள்ளம். காலை எட்டு மணிக்கு எந்தத் தமிழ் வீட்டில் ஒரே ஒரு கரண்டி வேலை செய்கிறது? பருப்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, தாளிக்க ஒன்று, தோசையைத் திருப்ப ஒன்று. ஆயாவின் மடக்கு நான்கையும் தாங்கியது.

நாங்கள் திண்டிவனம் சாலையில் புது வீடு கட்டினோம். சமையல் மேடைக்குப் பளபளவென்று கறுப்பு கிரானைட். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்புக் கல்லுக்குப் பேர்போன ஊர், அதனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கல் இல்லாத புது வீடு குறைவு. இரண்டு அடி அகலம், பத்தடி நீளம். ஆயாவின் மேடையைப் போல இருபது மேடை அதில் அடங்கும். ஆனாலும் குடிபோன முதல் வாரமே சாம்பார்க் கரண்டி கையில் சொட்டச் சொட்ட நின்றேன். வைக்க இடமில்லை.

காரணம் புரியச் சில நாள் ஆனது. வாஸ்துப்படி அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், இருக்க வேண்டும். சமைப்பவர் கிழக்கு முகமாக நிற்க வேண்டும். கிழக்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. தெற்கில் என்ன இருக்கிறது? சுவர். மூலைக்குள் போகப் போக நல்லது என்று அடுப்பை அதை ஒட்டியே தள்ளியிருந்தார்கள். பத்தடி மேடையும் இடப்பக்கம் கிடக்கிறது. வலக்கையால் கிளறுகிறவள் கரண்டியை வைக்க வேண்டுமானால் எரிகிற இரண்டு அடுப்பையும் தாண்டி, கொதிக்கிற உலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியெல்லாம் பர்னரில் சொட்டும். சொட்டியது கருகி, சுடர் மஞ்சளாகும். கறுப்புக் கல்லில் மஞ்சள் கறை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகவே துடைக்காமல் விட்டு, ராத்திரி எறும்பு மொய்த்த பிறகுதான் தெரியும். செஞ்சியில் நான் பார்த்த புது வீடுகளில் பாதிக்கு மேல் இதே அமைப்பு. அந்தப் பெண்கள் எல்லாரும் கரண்டியைக் குழம்புக்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள். காம்பு சுட்டு, துணி தேடுகிறார்கள்.

ஆயா வீட்டிலும் அடுப்பு அக்கினி மூலையில்தான் இருந்தது. ஆனால் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. அந்த ஒரு முழத்தில்தான் மேடை. சாஸ்திரம் ஒன்றுதான். அன்றைக்கு அடுப்பு போட்டது அதில் சமைக்கப்போகிறவள்.

கட்டுகிறவருக்குச் சமையல் தெரியாமல் போவது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 1926-ல் மார்கரேட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக்கலைஞர் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் தாய் அதுதான். சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. அதை வரைவதற்கு முன்பு தாம் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் ஒரு வீட்டு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது வரை கணக்கெடுத்துப் பார்த்துத்தான் வரைந்தார். காய் நறுக்கும் பலகையிலிருந்து குப்பையை நேராகத் தள்ளிவிட இழுப்பறை வைத்தார். தெரியாது என்பதை அறிந்து அளந்து பார்த்தவர் அவர். எங்கள் ஊரில் யார் அளக்கிறார்கள்? டைல்ஸ் நிறத்துக்கு வீட்டம்மாவிடம் கேட்பார்கள், அடுப்பு நிற்கும் இடத்துக்குக் கேட்கமாட்டார்கள்.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபிறகு வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் வாய்பிளந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியவைதான். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தபோது, மராட்டிய அரசர் ராஜாராமும் அவருடைய ஆட்களும் உள்ளே உண்டு உயிர் தாங்கினார்கள். அந்தக் களஞ்சியத்து நெல் எந்த அடுப்பில் வெந்தது, அத்தனை பேருக்கு வடித்துக் கொட்டியவர்கள் அகப்பையை எங்கே வைத்தார்கள் என்று கேட்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உணவகங்களுக்கான விதித்தொகுப்பு இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. சமைத்துக்கொண்டிருக்கும்போது கரண்டியை, காம்பு வெளியே நிற்கும்படி உணவிலேயே விடலாம், சுத்தமான பரப்பில் வைக்கலாம், தண்ணீரில் நிறுத்துவதானால் தண்ணீர் 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நாளெல்லாம் ஊறும் கரண்டியில் கிருமி பெருகும் என்பதுதான் காரணம். சாலையோரத் தோசைக் கடைகளில் கலங்கிய தண்ணீர் மொந்தையில் காலையிலிருந்து நிற்கும் கரண்டியைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஆயாவின் குண்டான் ஒரு சமையலுக்கு ஒரு தண்ணீர்.

எங்கள் வீட்டில் அடுப்பை ஒன்றரை அடி வடக்கே நகர்த்தினோம். அக்கினி மூலை அக்கினி மூலையாகவே இருக்கிறது. அம்மாவுக்கும் ஆட்சேபம் இல்லை. சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் இப்போது ஒரு மடக்கு. ஆடி மாதம் கூழ்ப்பானை விற்கிற வண்டியில் வாங்கியது.

தம்பி இப்போது வீடு கட்டுகிறான். லிண்டல் மட்டம் வந்திருக்கிறது. போன வாரம் தம்பி மனைவியைச் சமையலறையாகப் போகிற இடத்தில் கிழக்கு முகமாக நிற்கச் சொல்லி, கையில் ஒரு குழம்புக் கரண்டியைக் கொடுத்து, "சட்டியக் கிளறிட்டுக் கரண்டிய வை, யோசிக்காம வை" என்றேன். மேஸ்திரி சிரித்தார். அவள் கிளறினாள், கை தானாக வலப்பக்கம் போய் நின்றது. மேஸ்திரி டேப்பைப் பிடித்தார். "சரிதாம்மா, அடுப்ப இன்னும் 20 இஞ்சு இந்தாண்ட தள்ளணும், பிளக் பாயின்ட்டையும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, சுவரில் எலக்ட்ரீஷியன் போட்டிருந்த சாக்பீஸ் குறியை உள்ளங்கையால் தேய்த்து அழித்தார்.