கப்பலில் பரவும் சிக்கனம்: ஓர் அவசரப் புகார்

அனுப்புநர்: தங்கள் நலம்விரும்பி, ஜன்னல் இல்லாத அறை, கீழ்த்தளம்.

பெறுநர்: வருவாய்ப் பெருக்கப் பிரிவின் தலைவர், சொகுசுக் கப்பல் நிறுவனம், மியாமி.

பொருள்: பயணிகள் கணக்குப் பார்ப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கரீபியன் கடலில் தங்கள் கப்பலில் இருந்தபடி இதை எழுதுகிறேன். இங்கே நடக்கும் அக்கிரமம் தங்கள் காதுக்கு வந்ததாகத் தெரியவில்லை. பயணிகள் பில்லை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொழிலில் பெரிய கையான கார்னிவல் குழுமத்துக்கு 2023ஆம் ஆண்டில் சுமார் 2,160 கோடி டாலர் வருமானம். டிக்கெட்டில் வந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மீதியில் பெரும்பகுதி, ஏறி உட்கார்ந்தவர்களிடம் கப்பலுக்குள் விற்றுச் சேர்த்தது. அந்த மூன்றாவது பங்குக்குத்தான் இப்போது ஆபத்து.

முதல் குற்றவாளி என் பக்கத்து அறைக்காரர். டிப்ஸ் என்று ஆளுக்கு, நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை நிறுவனமே கணக்கில் ஏற்றிக்கொள்வது எவ்வளவு சௌகரியம்! சில கப்பல்களில் கைக்குழந்தைக்கும் உண்டு. தொட்டிலில் கிடந்தபடி அது யார் யாரை வேலை வாங்கியதோ! இந்த மனிதரோ நான்கு பேர், ஏழு இரவு, 16 டாலர் என்று பெருக்கி, 448 டாலரை டிக்கெட் விலையோடு வீட்டிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். “ரூமைத் துடைக்கிற பையனுக்குத் தாராளமா குடுக்கலாம் சார். ஆனா சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனிதானே?” என்கிறார். முதலாளி அமெரிக்காவில், கொடி பஹாமாஸில், சம்பளம் பயணியின் சட்டைப் பையில் என்ற நிர்வாக நுட்பம் இவருக்கு எங்கே விளங்கப்போகிறது?

அடுத்த குற்றவாளி என் மனைவி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஓர் அறையில் ஒருவர் மதுவுக்கான பேக்கேஜ் வாங்கினால் அங்கிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்கவேண்டும் என்ற விதி, தம்பதியர் ஒற்றுமைக்காகத்தான் என்று எடுத்துச் சொன்னேன். “உங்க ஒரு பீருக்கு நானும் குடிகாரியாகணுமா?” என்று கேட்டுவிட்டு, தனியாக ஒரு பீர் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ரசீது வந்தது. விலைக்குக் கீழே 18 சதவீத சேவைக் கட்டணம் சேர்த்தாகிவிட்டது. அதற்கும் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று காலியாக ஒரு கட்டம், பக்கத்திலேயே பேனா. அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்து, மொத்தத்தை மறுபடி கூட்டிச் சரிபார்த்த பிறகே என்னைக் கையெழுத்துப் போட விட்டாள்.

தங்கச் சங்கிலியை அங்குலக் கணக்கில் விற்கும் மேசையிலும் இதே கதை. தி.நகரில் சவரன் கணக்கில் வாங்கிப் பழகியவள், “எத்தனை காரட்? ஹால்மார்க் எங்கே?” என்றாள். முலாம் என்பது இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிட்டது.

பஹாமாஸின் நசாவில் நடந்தது இன்னும் மோசம். கப்பலில் விற்ற கடற்கரைச் சுற்றுலாவைச் சீண்டாமல் ஒரு கூட்டம் ஜங்கனூ கடற்கரைக்குப் பொடிநடையாகப் போய்க் குளித்துவிட்டு வந்தது. துறைமுகத்திலிருந்து கால் மணி நேர நடைதானாம். தொலைவான இடமென்றால் மட்டும் இவர்கள் கப்பலின் சுற்றுலாவை வாங்குகிறார்கள். அந்தச் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது என்ற சூட்சுமம் கூடத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கரை மறையும் முன்பே போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுகிறார்கள். நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்து ரோமிங் பில் எகிறும் அருமையான வாய்ப்பு வீணாகிறது. வைஃபையைக் கிளம்பும் முன்பே ஆன்லைனில் மலிவாக வாங்கி வருகிறார்கள். பிள்ளைகளின் அறை அட்டையில் செலவு ஏறாதபடி வரவேற்பு மேசையில் சொல்லித் தடுத்து வைக்கிறார்கள். கப்பல் மருத்துவரின் பில்லும் இதே கணக்கில்தான் ஏறும் என்று தெரிந்து, பயணக் காப்பீட்டோடு வருகிறார்கள். காய்ச்சலில்கூட நாலு காசு பார்க்க முடியாவிட்டால் தொழில் எப்படி நடக்கும்?

சட்டமும் இவர்கள் பக்கம் சாய்கிறது. கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டவேண்டும் என்று கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் சட்டம் வந்துவிட்டது. அதையொட்டிப் பல நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர நேர்ந்தது. நல்லவேளை, டிப்ஸ் இன்னும் தப்பித்து நிற்கிறது.

ஆகவே ஐயா அவர்கள், ஏறும்போது இஸ்திரிப் பெட்டியைப் பறிமுதல் செய்வதுபோலக் கால்குலேட்டரையும் பறிமுதல் செய்யுமாறும், அன்றன்றைய செலவைப் பயணிகள் ஆப்பில் பார்க்கும் வசதியை உடனே நிறுத்தி, இறங்கும் நாள் விடியற்காலையில் மொத்தமாக ஒரே தாளில் காட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

துப்புக் கொடுத்ததற்குச் சன்மானம் ஏதும் உண்டென்றால், 18 சதவீத சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அனுப்பினால் போதும். கூடுதல் டிப்ஸ் கட்டத்தை நானே அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயணி