ரோமில் பர்ஸைப் பறிகொடுப்பது எப்படி?

ரோமுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. "நல்லா இருந்துச்சு" என்பார், நாலு போட்டோ காட்டுவார், முடிந்தது. பர்ஸைப் பறிகொடுத்தவருக்கோ கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி மவுசு. என் மச்சான் ஆறு வருஷமாக அந்த ஒரு கதையை வைத்தே ஓட்டுகிறார். அவர் இடத்தை நீங்களும் எட்ட வேண்டுமானால் மேலே படியுங்கள்.

முதல் வேலையாக, தெர்மினி ரயில் நிலையத்துக்கு வெளியே 64-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். வத்திக்கான் பக்கம் போகிற பஸ். வெளியூர்க்காரர்கள் தேர்த் திருவிழாக் கூட்டமாக ஏறுவார்கள். அவர்களை நம்பிப் பிழைக்கிற ஜேப்படிக்காரர்களும் ஏறுவார்கள். பர்ஸ் பின்பாக்கெட்டில் பாதி எட்டிப் பார்த்தபடி இருக்கட்டும். முழங்கையில் கோட்டை மடித்துப் போட்ட ஒருவர் உங்களை ஒட்டி நிற்பார். கொளுத்தும் ஜூலை வெயிலில் கோட் எதற்கு என்று யோசித்தால் காரியம் கெட்டுவிடும். இறங்கப் போகிற பெண் வாசலில் சட்டென்று நின்றுவிடுவாள், பின்னால் இருப்பவர்கள் உங்கள் மேல் சாய்வார்கள். நீங்கள் "பரவாயில்லை" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பட்டாபட்டி டிராயரின் உள்பாக்கெட்டில் பணத்தை வைத்து, மேலே ஊக்கும் குத்திக்கொள்கிற ஆசாமிகளுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது ஸ்பானியப் படிகள். 135 படி ஏற மூச்சு வாங்கும். நம்மூர்க் கோயில் படி மாதிரி நடுவில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரியுங்கள். 2019 முதல் அங்கே உட்காரக் கூடாது. போலீஸ்காரர் விசில் ஊதி எழுப்புவார், மிஞ்சினால் 400 யூரோ வரைக்கும் அபராதம். அந்தப் பக்கம் ஒருவர் உங்கள் மனைவி கையில் ரோஜாப்பூவைத் திணித்து "பரிசு" என்பார். வாங்கிக்கொள்ளுங்கள். பரிசுக்கு விலை உண்டு என்பது பத்தடி நடந்ததும் தெரியும்.

கொலோசியச் சுவரில் பெயரைக் கிறுக்க மறக்க வேண்டாம். செஞ்சிக் கோட்டையில் பழகிய கைதானே. 2023-இல் ஒருவர் சாவியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் செதுக்கி, வீடியோவில் மாட்டினார். பிறகு மேயருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். கட்டடம் இவ்வளவு பழசு என்று தனக்குத் தெரியாதாம்! கி.பி. 80-இல் திறந்த கட்டடம். இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தோன்றவில்லை.

புனித பேதுரு பேராலயத்துக்கு அரை டிராயரும் கையில்லாத பனியனுமாகப் போய் நில்லுங்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். இங்கே தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான். வேட்டி தாராளமாகப் போதும், மடித்துக் கட்டாத வரைக்கும்.

காபி விஷயத்தில்தான் நம்மவர்கள் சொதப்பிவிடுகிறார்கள். ரோம்காரர் காபிக் கடைக்குள் நுழைந்ததும் "புவோன் ஜோர்னோ" என்பார், மேடையருகே நின்றபடியே சின்னக் கோப்பையை இரண்டு மடக்கில் முடித்துவிட்டு நடையைக் கட்டுவார். டீக்கடையில் வளர்ந்த நமக்கு இது பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, சதுக்கத்தைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேளுங்கள். விலையும் பல மடங்கு, பரிமாறுபவரின் பரிதாபப் பார்வை வேறு.

தாகத்துக்குப் பாட்டில் தண்ணீரே வாங்குங்கள். தெருவெங்கும் 1874 முதல் வார்ப்பிரும்புக் குழாய்கள் நல்ல குடிநீரை ராப்பகலாகக் கொட்டுகின்றன. வளைந்த வடிவத்துக்காக 'நாசோனி', அதாவது பெருமூக்கு என்று பெயர். குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி நேரே வாய்க்கு வரும். இது தெரிந்தால் காசு மிஞ்சிவிடும், ஜாக்கிரதை.

கடைசியில் பாஸ்போர்ட்டும் போய்விட்டால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தத் தாளோடு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். திருடன் அகப்படுவான் என்பதற்காக அல்ல, ஊர் திரும்பத் தாள் வேண்டுமே. வரிசையில் முன்னால் நிற்பவரும் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் தோளைத் தட்டிக் கேளுங்கள்: "அண்ணே, உங்களுக்கும் 64-தானா?"