கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தை விட்டுக் கிளம்புவதற்குள் அவர் வந்துவிடுவார். "சார் தனியாத்தானே வர்றீங்க? அம்மாவால மிடில் பெர்த்ல ஏற முடியாது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா நம் ஜன்னலோரத்தில் சம்மணமிட்டு, எவர்சில்வர் டப்பாவில் புளியோதரைக்கு அடியில் போன வத்தலைத் தேடிக்கொண்டிருப்பார்.

அம்மா மேல் குறையில்லை. வயசானவருக்கு லோயர் பெர்த் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? அம்மாவோடு சேர்ந்து வரும் மிச்சம்தான் பிரச்சினை. சீட்டுக்கு அடியில் இரண்டு பெட்டி, சாக்குப் பையில் ஒரு வெட் கிரைண்டர் கல், அப்புறம் அவர். அவருடைய பெர்த் நாலு கோச் தள்ளி இருக்கிறது. "தூக்கம் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்று நுனியில் உட்காருவார். செங்கல்பட்டில் முதுகு சாயும். அதற்கப்புறம் செருப்பு கழன்று, கால் மேலே ஏறும். 'கொஞ்சம்' என்பது எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

ஆங்கில அகராதி 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லுக்குச் சாதுவான அர்த்தங்களைத்தான் தருகிறது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது, கடிகார முள்ளைத் திருத்துவது, புது ஊருக்குப் பழகிக்கொள்வது. இழப்பைக் கணக்குப் பார்த்து இவ்வளவுதான் தரமுடியும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் முடிவுகட்டுவதும் இதே வினைதான். நம்மவரிடம் இந்த வினைக்குத் தன்மையும் கிடையாது, படர்க்கையும் கிடையாது. வெறும் முன்னிலை ஏவல். "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால் முன்வரலாம். இறந்தகாலமும் இல்லை, நீங்கள் பண்ணிக்கொடுத்தது அடுத்த ஸ்டேஷனில் அவருக்கு மறந்துவிடும்.

சட்டம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரிசர்வ்டு பெட்டியில் படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. முன்பு 9 மணியாக இருந்ததை 2017-ல் மாற்றினார்கள். இது டி.டி.இ.யைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தலைவலி என்று 9 மணிக்கு நாம் மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டப் போனால், "ரூல்படி பத்துக்குத்தான் சார்" என்பார். பத்தேகாலுக்கு நாம் சங்கிலியும் கையுமாக நிற்கும்போது அவர் இரண்டாவது ரவுண்டு தயிர்சாதத்தில் இருப்பார். அப்போது ரூல் பேசமாட்டார், மனிதாபிமானம் பேசுவார். "சாப்பிடற மனுஷன எழுப்பலாமா? ஒரு பத்து நிமிஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." ஊறுகாயை நம் பக்கம் நீட்டவும் செய்வார். அதை வாங்கிக்கொண்டு நின்றபடியே நக்கியவர்களில் நானும் ஒருவன். நல்ல மாவடு.

ஊரிலும் அவர் இதே ஆள்தான். வாடகைக்கு இருந்தால் கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வார். வீட்டு ஓனராக இருந்தால் அதே அட்வான்ஸைச் சுண்ணாம்புக் கூலியில் அவரே அட்ஜஸ்ட் பண்ணிவிட்டு, உங்களைப் புரிந்துகொள்ளச் சொல்வார். ஆபீசில் மேலதிகாரியாக இருந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இதுவரைக்கும் சிரிக்கலாம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் புருஷனிடம் அடி வாங்கி, பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்து நின்றாள். பெரிய மனுஷர் என்று இவரைத்தான் கூப்பிட்டார்கள். கன்னத்து வீக்கம் வடியாத பெண்ணை எதிரே உட்காரவைத்து, "ஆம்பளன்னா அப்படி இப்படித்தாம்மா இருப்பான். பொம்பளப் பிள்ளை நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்றார். ரயிலில் முன்பின் தெரியாத எனக்குச் சொன்ன 'கொஞ்சம்' கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அடித்தவனிடம் போய் இதைச் சொன்னால் என்ன? சொல்லமாட்டார். இடம் கேட்டால் ஒதுங்கிப்போகிறவர்களாகப் பார்த்துத்தான் அவர் எப்போதும் கேட்பார்.

பஞ்சாயத்து முடிய மணி எட்டாகிவிட்டது. ராத்திரிக்கு உப்புமா கிண்டியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார்.

"உப்புமா எனக்கு ஆகாதே. ரெண்டு தோசை ஊத்திரச் சொல்லுங்க."

வீட்டில் மாவு இல்லை. முக்குக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிவர அந்தப் பெண்ணைத்தான் அனுப்பினார்கள்.