வாயை மூடிக்கிட்டுப் பாரு, தம்பி

ஏ தம்பி, லினக்ஸுக்கு ஏதோ மென்பொருள் எழுதியிருக்கியாமே! காசும் வாங்காம, மூலநிரலையும் தொறந்து வச்சிருக்கியாம். தர்மப்பிரபு! உன்னைக் குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் ஒண்ணு கேக்கணும். அதை உன்னைத் தவிர யாராச்சும் ஓட்டிப் பாத்தாங்களா?

கூட்டாளிங்க பாத்துட்டு 'சூப்பர்'னாங்கன்னு சொல்லுவே. வேற என்ன சொல்லுவாங்க? விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளைகிட்ட மாமியா சாம்பார் எப்படின்னு கேட்டா, எந்த மாப்பிள்ளை உள்ளதைச் சொல்லியிருக்கான்? அவன் எந்திரிச்ச பெறகு இலையைப் பாக்கணும்யா.

அப்படித்தான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரங்க 2001-ல குனோம்ங்கிற லினக்ஸ் முகப்போட 1.4 பதிப்பை 12 பேர் முன்னால வச்சு, இன்ன வேலையைச் செய்யுங்கன்னு விட்டுட்டுப் பாத்தாங்க. அந்தக் குனோம்ல கடிகாரமே ஒண்ணுக்கு மேல கெடந்துச்சு. ஒண்ணுக்குப் பேரே 'அனதர் கிளாக்'. ஜன்னலோட போக்கை மாத்தணும்னா 'சாஃபிஷ்'ங்கிற தலைப்புக்குள்ள போகணும். அது ஜன்னலை மேய்க்கிற நிரலோட பேருன்னு எழுதுனவனுக்குத் தெரியும். வந்தவனுக்கு என்ன ஜோசியமா தெரியும்?

மறுவருஷம் குனோம் 2.0 வந்தப்ப அமைப்புகளை வெட்டித் தள்ளிட்டாங்க. லினக்ஸை உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே 2005-ல கோவிச்சுக்கிட்டு, போட்டி முகப்பான கே.டி.இ.-க்குப் போங்கன்னாரு. அவரு கோவத்துலயும் ஞாயம் இருக்கு. ஆனா அவரை மட்டும் உக்காரவச்சு சோதிச்சா, அவருக்கு ஏத்ததுதான்யா வரும்.

சரி, உதாரணத்துக்கு உங்க அத்தையைக் கூப்பிடு. படம் திருத்துற கிம்ப் மென்பொருளைத் தொறந்து, கல்யாணப் போட்டோவைத் திருப்பி, ஜேபெக்கா சேமிக்கச் சொல்லு. 'சேவ்' அமுக்கி, பேரு போட்டு, கடைசியில ஜேபிஜின்னு அடிப்பாங்க. கிம்ப் ஒத்துக்காது. இங்க என் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்தான், மத்ததுக்கு 'எக்ஸ்போர்ட்'டுக்குப் போன்னு சொல்லும். 2012-ல 2.8 வந்ததுலேர்ந்து இதே கதை. சரின்னு எக்ஸ்போர்ட் பண்ணி மூடப் போனா, 'இன்னும் சேமிக்கலையே'ன்னு மறுபடி கேக்கும். அதுக்குக் காரணம் இருக்கு. படத்தோட அடுக்கெல்லாம் ஜேபெக்ல தங்காது, எக்ஸ்சிஎஃப்ல தங்கும். நல்ல காரணந்தான். ஆனா அத்தை நெத்தியைச் சொறிவாங்க பாரு, அந்தச் சொறியைக் குறிச்சுக்க.

அப்ப உனக்கு வாய் நமநமங்கும். "அத்தே, மேல பாருங்க"ன்னு சொல்லத் துடிப்பே. சொன்னியோ, சோதனை அன்னைக்கே செத்துது. அவங்க மனசுல ஓடுறதை மட்டும் சத்தமாச் சொல்லச் சொல்லு. எங்க நின்னாங்க, எதைத் தப்பா அமுக்குனாங்கன்னு எழுது. "கையேட்டுல இருக்கே"ன்னு முணுமுணுக்காதே. அத்தை கையேடு படிக்க மாட்டாங்க, நீயும் படிக்க மாட்டே.

பெரிய கூடமும் கேமராவும் வேணாம். நாலஞ்சு பேரை ஒவ்வொருத்தரா உக்காரவச்சாலே பெரிய ஓட்டையெல்லாம் வெளிய வந்துரும். அதை அடைச்சிட்டு, வேற நாலு பேரைக் கூப்பிடு. அடுத்த பதிப்பை வெளியிடுறதுக்கு முன்னாடியே கூப்பிடு, தம்பி. காபிச் செலவு உன்னுது.